நிழலைப் பிடிக்கும் வகுப்பு



கோடை விடுமுறையில் மக்தபுப் பிள்ளைகளுக்கு நிழற்படக் கலை கற்பிக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது, எங்கள் ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலரின் முகம் மாறிற்று. அதில் நியாயம் இருந்தது. உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி வந்துள்ள ஹதீஸ்களை அதே பிள்ளைகளுக்கு நடத்துபவன் நான். காலையில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மாலையில் கேமராவைக் கையில் கொடுப்பது எப்படிப் பொருந்தும் என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது: "வந்து பாருங்கள் மாமா." மூன்று கோடைகள் கடந்துவிட்டன. வந்து பார்க்க இயலாதவர்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் முதல் வாரம் கேமராவே கிடையாது. இருட்டறை மட்டும் உண்டு.

குன்றக்குடியை அறிந்தவர்களுக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் எங்கு நின்றாலும் அது கண்ணில் படும். மயிலின் வடிவில் இருக்கிறது என்பார்கள். உச்சியில் சண்முகநாதர் கோயில். மதரஸாவின் ஓர் அறைக்கு மேற்குப் பார்த்த சன்னல் இருக்கிறது. அந்தச் சன்னலைக் கறுப்பு அட்டையால் முழுதும் அடைத்து, கதவிடுக்குகளில் துணி செருகி, அட்டையின் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் துளையிட்டோம். காலை ஒன்பது மணி. மலையின் மீது வெயில் முழுமையாக விழுந்திருந்தது. பிள்ளைகள் தரையில் அமர்ந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். பிறகு எதிர்ச்சுவரில் மங்கலாக வானம் கீழே வந்தது, மலை மேலே தொங்கியது, கோபுரம் தலைகீழாக இறங்கியது. தெருவில் சென்ற ஒரு மிதிவண்டி சுவரின் மேற்பகுதியில் சக்கரம் மேலாக ஊர்ந்து போயிற்று. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்கள்.

மதரஸாச் சுவரில் கோபுரமா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். எதிரே நிற்பது எதுவோ அதைத்தானே ஒளி கொண்டுவரும்? துளைக்குத் தன் விருப்பம் என்று ஒன்று கிடையாது.

இந்த இருட்டறைக்கு அரபியில் அல்-பைத்துல் முழ்லிம் என்று பெயர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் ஏறக்குறைய 1040-இல் மறைந்த இப்னுல் ஹைஸம், கிதாபுல் மனாழிர் என்ற தம் ஒளியியல் நூலில் இதைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்கிறார். ஒரு துளைக்கு முன்பாகப் பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்கிறார். இருட்டறையின் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்புள்ளி விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைகிறது. ஏனையவை அப்படியே இருக்கின்றன. அத்தனை ஒளியும் அந்தச் சிறு துளையில் ஒன்றுகூடிக் கடந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்ற பழைய கிரேக்கக் கருத்தை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியவரும் அவரே. எங்கள் பிள்ளைகள் மூன்று எல்.இ.டி. விளக்குகளை வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். கையால் ஒன்றை மறைப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. பாடத்தில் பெயராக மட்டும் படித்த ஒருவரை அன்றுதான் அவர்கள் சந்தித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் வாரத்தில் காகிதம் வந்தது.

நீல அச்சு முறையை எனக்குக் கற்பித்தவர் காரைக்குடியில் ஓய்வு பெற்ற ஒரு வேதியியல் ஆசிரியர். ஆங்கிலத்தில் சயனோடைப் என்பார்கள். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் கண்டுபிடித்தது. பழைய பொறியாளர் அலுவலகங்களில் கட்டட வரைபடங்கள் நீல நிறத்தில் இருக்குமே, அதன் மூலம் இதுதான். பெரிக் அம்மோனியம் சிட்ரேட் என்ற உப்பு, பொட்டாசியம் பெரிசயனைடு என்ற உப்பு, இரண்டும் போதும். 100 மில்லி நீரில் முன்னதை 25 கிராம், இன்னொரு 100 மில்லி நீரில் பின்னதை 10 கிராம் தனித்தனியே கரைத்து, வேண்டும்போது சம அளவில் கலந்து, வெயில் படாத அறையில் தடித்த ஓவியத் தாளில் தூரிகையால் பூச வேண்டும். காய்ந்தால் இளம்பச்சை கலந்த மஞ்சள். அதன் மேல் ஒரு வேப்பங்கொத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டியது. மே மாதத்துச் சிவகங்கைச் சீமை வெயிலுக்கு ஏழெட்டு நிமிடமே போதும். தாள் சாம்பல் நிறமாகிப் பொலிவிழந்து, கெட்டுப்போனது போலத் தோன்றும். அப்போது எடுத்து நீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலம். இலை மறைத்த இடம் வெண்மை. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், கையுறை அணிந்து செய்தோம். அமிலத்தோடும் நெருப்போடும் சேராதபடி பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு.

நீரைப் பற்றி ஒரு செய்தி. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் காரத்தன்மை மிக்கது. அதில் அலசினால் நீலம் கண்ணெதிரே வெளுத்துவிடும். அந்த நீலத்துக்குக் காரம் பகை. வாளித் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் சரியாயிற்று. ஒரு மாணவி இதையே தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டாள். சலவைச் சோடா கரைத்த நீரில் அச்சை அமிழ்த்தி நீலத்தை வெளுக்கச் செய்து, பின்பு கட்டித் தேநீரில் ஊறவைத்தாள். முருங்கை இலை ஒன்று பழுப்புக் கலந்த கருமையில் எழுந்து வந்தது. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து தரும் நிறம் அது. எந்த நூலையும் பார்த்து அவள் செய்யவில்லை. வீட்டில் வெள்ளைத் துணியில் தேநீர்க் கறை போகாததை நினைத்துச் செய்ததாகச் சொன்னாள்.

இம்முறையில் முதன்முதலாக ஒரு நூலையே உருவாக்கியவர் அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1843-இல் தொடங்கி, கடற்பாசிகளை ஒவ்வொன்றாகத் தாளில் கிடத்தி வெயிலில் வைத்து எடுத்த அச்சுகளால் அமைந்த நூல் அது. நிழற்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். முகம் இல்லை, மனிதர் இல்லை, கேமராவும் இல்லை. எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துச் சொல்லி, செய்தே ஆக வேண்டுமானால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையும்படி அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. நம் பள்ளிவாசல்களில் கொடியும் பூவும் கோணமும் எழுத்தும் இத்தனை செழித்ததற்குப் பின்னால் இந்த வழிகாட்டல் இருக்கிறது. எங்கள் வகுப்பின் எல்லையும் அதுவே. முகம் எடுப்பதில்லை. இலை, ஓடு, சாவி, பூட்டு, கொல்லைப்புறத்துக் கயிறு, மழைத்துளி என்று போனால் ஒரு கோடை போதாது.

ஆயினும் கேமராவில் பதிவது இந்த எச்சரிக்கைக்குள் வருமா என்பது ஆலிம்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கருத்து வேறுபாடு. தேவ்பந்த் மரபைச் சார்ந்த பலர், கையால் வரைந்தாலும் கருவியால் எடுத்தாலும் உயிருள்ளதன் உருவம் உருவமே என்று தடுத்தார்கள். தேவைக்கு மட்டும் விலக்களித்தார்கள். 1914 முதல் சில ஆண்டுகள் எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மது பகீத் அல்-முத்தீஈ வேறு விதமாகச் சிந்தித்தார். கேமரா புதிதாக எதையும் படைப்பதில்லை, அல்லாஹ் படைத்த ஒன்றின் நிழலைத் தடுத்து நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே என்பது அவருடைய வாதம். அரபியில் ஹப்ஸுழ் ழில், அதாவது நிழலைச் சிறைப்படுத்துதல். பட்டயப் படிப்பில் இதைப் படித்தபோது ஓரிரவு உறக்கமே வரவில்லை. காரணம், நம் தமிழில் இதற்குப் பெயரே நிழற்படம் அன்றோ! கெய்ரோவில் அமர்ந்து ஒரு முஃப்தி வாதிட்டு நிறுவிய ஒன்றை நம் மொழி தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. உருதுவிலும் பாரசீகத்திலும் அக்ஸ் என்பார்கள். பிரதிபிம்பம் என்று பொருள்.

கருத்து வேறுபாடு நூல்களில் இருக்க, கேமரா தன் வழியில் ஹிஜாஸுக்குள் சென்றுவிட்டது. எகிப்திய ராணுவப் பொறியாளர் முஹம்மது சாதிக் பே 1861-இல் மதீனாவையும், 1880-இல் மக்காவையும் படமெடுத்தார். அறியப்பட்டவரை இவ்விரு நகரங்களின் முதல் நிழற்படங்கள் அவருடையவையே. கண்ணாடித் தகட்டில் ஈரமான ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் எடுத்து முடிக்க வேண்டிய முறை அது. ஹிஜாஸ் வெயிலில் அதை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் கஅபா படங்களுக்கெல்லாம் அவர் ஒரு வகையில் மூத்தவர்.

மூன்றாம் வாரம்தான் செல்பேசி.

ஆத்தங்குடி எங்களுக்கு அருகிலுள்ள ஊர். அங்குள்ள பட்டறை ஒன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். தரையோடு செய்வதைப் பார்க்காமல் அதன் வடிவத்தை வரைவதில் பயனில்லை என்பது என் எண்ணம். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் பூ வடிவ உலோக அச்சை நிறுத்தி, ஒவ்வொரு அறையிலும் நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார் கைவினைஞர். அச்சைத் தூக்கும் கணம் கை நடுங்கினால் நிறங்கள் கலந்துவிடும். பிறகு மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையை நிரப்பி அழுத்துகிறார். சூளை கிடையாது, உலர்த்தி, நீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துகிறார்கள். பின்னர் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும். நகரத்தார் வீட்டு முற்றங்களில் நூறாண்டுக்கு மேலாக மனிதர் நடந்து நடந்து மெருகேறிய தரை இதுதான்.

பிள்ளைகள் ஒரே ஓட்டை நேர் மேலிருந்து படமெடுத்தார்கள். மதரஸாக் கணினியில் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஓட்டின் கால் பகுதியை மட்டும் கோடுகளாக வரைந்து, 90 பாகை சுழற்றிச் சுழற்றி நான்கு முறை வைத்தால் ஓடு முழுமையாகிறது. ஓட்டை அடுக்கினால் தரை விரிகிறது. இதுவரை கைவினைஞரின் வேலை. பின்பு ஒரு பையன் சுழற்றுவதற்குப் பதிலாகக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வைத்தான். தரையில் முன்பு இல்லாத எண்முனை விண்மீன் ஒன்று ஓடுகளுக்கு நடுவே தோன்றிற்று. யாரும் அதை வரையவில்லை. அந்த ஒழுங்கில் அது ஏற்கெனவே மறைந்திருந்தது. கிரானடாவின் அல்ஹம்ரா சுவர்களின் படத்தைக் காட்டி, இப்படித்தான் அங்கும் கோணமும் வட்டமும் வைத்துத் தேடியிருப்பார்கள் என்றேன்.

அந்த வடிவத்தை ஜெராக்ஸ் கடையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, நீல அச்சுத் தாளின் மேல் வைத்து வெயிலில் வைத்தோம். கணினியில் பிறந்தது வெயிலில் முடிந்தது. பழைய முறையும் புதிய முறையும் இப்படி ஒன்றையொன்று கைபிடிக்கும்போதுதான் பிள்ளைகளின் மூளை வேகமாக ஓடுகிறது. திரையில் மட்டும் செய்யும்போது, பிடிக்கவில்லையென்றால் பின்னுக்குப் போகும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். வெயிலில் அந்தப் பொத்தான் இல்லை.

இத்தகைய சோதனைகளைப் பெரிய அளவில் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. மட்டாஞ்சேரியில் பிறந்து, பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் படக்கலைஞராகப் பணியாற்றிய அபுல் கலாம் ஆசாத், பின்பு திருவண்ணாமலையில் ஏகலோகம் என்ற நிழற்பட அறக்கட்டளையை நிறுவினார். படச்சுருளைக் கீறுவது, அச்சின் மேல் வண்ணம் பூசுவது என்று நிழற்படத்தைக் கைவேலையாகத் திருப்பியவர். 2014-இல் தொடங்கி ஓராண்டு திருவண்ணாமலையின் அன்றாட வாழ்வைப் பல படக்கலைஞர்கள் சேர்ந்து பதிவு செய்த திட்டம் அவர் வழிநடத்தியது. அவர் படங்களில் மனித உருவங்கள் நிறைய உண்டு. எங்கள் வகுப்பறைக்கு அவை பொருந்தா. ஆனால் படம் எடுத்தவுடன் முடிந்துவிடுவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவரை விடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1912-இல் கல்கத்தாவில் தொடங்கிய அல்-ஹிலால் வார இதழும் நிழற்படங்களோடு வெளிவந்தது என்பது கூடுதல் பொருத்தம்.

எடுத்த படத்தில் கை வைப்பது பொய்யாகாதா? இது பிள்ளைகளே கேட்ட கேள்வி. திருமயம் கோட்டையைக் கொண்டு பதில் சொன்னேன். சென்னை ராணுவத்தைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற அதிகாரி 1858-இல் புதுக்கோட்டைச் சீமையில் படமெடுத்தார். அவற்றில் நமக்கு அருகிலுள்ள திருமயமும் உண்டு. அக்காலத்துப் படத்தாள் நீல ஒளிக்கு மிகக் கூர்மையானது. கட்டடம் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் தம் எதிர்மறைத் தாள்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்ப்பது வழக்கம். ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே வானத்தில் கை வைத்தாயிற்று! அந்த மேகத்தை வைத்து எவரும் சாட்சி சொல்லப் போவதில்லை. கோட்டையின் கல்லை அவர் மாற்றி வரைந்திருந்தால் கதை வேறு.

இதை அன்று ஓர் எளிய விளக்கமாகத்தான் சொன்னேன். சென்ற ஆண்டு ஒரு முன்னாள் மாணவன் வந்தபோது அது எளிதாக இல்லை.

இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன். அவனுடைய நன்னா அறுபதுகளில் பினாங்குக்குப் பிழைக்கச் சென்றவர். இருமுறை ஊர் வந்தார். மூன்றாம் முறை போனவர் அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானார். பேணுதலான குடும்பம்; வீட்டில் படம் எடுக்கும் வழக்கமே இல்லை. கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த ஒரே படமும் அவரோடு போய்விட்டது. மிஞ்சியவை ஒரு மூக்குக் கண்ணாடி, நீல நிற வான்மடல்கள் பதினொன்று. நன்னிக்கு இப்போது எண்பது வயதிருக்கும்.

பையன் அன்போடுதான் அதைச் செய்தான். தன் அத்தாவின் முகம், பெரியத்தாவின் முகம், உறவினர் சொன்ன அடையாளங்கள் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்து, முப்பது வயது மனிதர், தொப்பி, பழைய கறுப்பு வெள்ளைப் படம், பினாங்குத் தெரு என்று கேட்டிருக்கிறான். சில நொடிகளில் வந்துவிட்டது. தாளின் ஓரத்தில் மஞ்சளேறிய பழமை, நடுவில் மடித்த தடம், எல்லாம் கச்சிதம். அதை நன்னியிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் நீண்ட நேரம் பார்த்தாராம்.

"நல்ல மொகமாத்தான் இருக்கு. யாருத்தா இவுக?"

நன்னாதான் என்றான். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் செல்பேசியை வாங்கிப் பார்த்திருக்கிறார். நான்காம் நாள், "எனக்கு இப்ப அவுக மொகம் மறந்துபோச்சுத்தா. இது வந்து முன்னால நிக்குது" என்றாராம். அதைக் கேட்டுத்தான் பையன் என்னிடம் ஓடிவந்தான்.

"ஹஜ்ரத், இது ஹராமா?"

படத்தைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பைக் கேட்கிறானா, தான் செய்ததைப் பற்றிக் கேட்கிறானா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரையில் தோன்றி மறையும் எண்மப் படம், தாளில் நிலைத்துவிட்ட படம் இவற்றுக்கிடையே இன்றைய ஆலிம்கள் சிலர் வேறுபாடு காண்கிறார்கள். அந்த விவாதத்தைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை; ஒரு முஃப்தியிடம் எழுதிக் கேட்கச் சொன்னேன். ஆனால் ஷெய்க் அல்-முத்தீஈயின் அந்தச் சொல் எனக்கு நினைவு வந்தது. நிழற்படத்துக்கு அனுமதி தேடியவர்களிலேயே முன்நின்றவர் அவர். அவருடைய அளவுகோலை இந்தப் படத்தின் மீது வைத்தால் என்ன ஆகிறது? நிழலைச் சிறைப்பிடிப்பது தவறில்லை என்கிறார். நிழல் விழ வேண்டுமானால் ஒளியை மறித்து ஒருவர் நின்றிருக்க வேண்டுமே! இந்தப் படத்துக்காக எவரும் எங்கும் நிற்கவில்லை. பினாங்கு வெயில் எவர் மீதும் படவில்லை. பல கோடி மனிதர்களின் படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு, முகம் இப்படி இருக்கக்கூடும் என்று ஊகித்து வரைந்தது. அப்படியானால் இது நிழற்படம் என்ற பெயருக்கு உரியதன்று, வரைந்த உருவம். அனுமதித்தவர்களின் வாதமே இதற்குத் துணை நிற்காது.

பையனிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "வேப்பிலைய வச்சு நீல அச்சு எடுத்தியே, எல இல்லாம எடுத்தா என்ன வரும்?" என்று மட்டும் கேட்டேன்.

"வெறும் நீலம் வரும் ஹஜ்ரத்."

அதற்குப் பிறகு சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

செயற்கை நுண்ணறிவே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வடிவங்களில் நிறக்கலவைகளைத் தேட அதையும் பயன்படுத்தியிருக்கிறோம். எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. எண்கோணம் கேட்டால் சில வேளை ஏழு மூலையோடு கொடுக்கும். அங்கே ஏழு மூலை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கான சான்று என்று வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. வந்த செய்தியை ஆராயாமல் ஏற்றுப் பிறருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் கற்பிக்கும் பாடத்தை, இனி படங்களையும் சேர்த்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கலவரப் படங்களையும் விபத்துப் படங்களையும் நம் வீடுகளில் எத்தனை பேர் பார்த்த மாத்திரத்தில் அனுப்பிவிடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அவசரம் விளங்கும்.

பையன் அந்த வாரமே மூக்குக் கண்ணாடியையும் வான்மடல்களில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தான். மடல் அரபுத் தமிழில் எழுதியிருந்தது. நன்னிக்கு அந்நாளில் அந்த எழுத்து மட்டுமே படிக்கத் தெரியும். அதனால் நன்னா அதிலேயே எழுதியிருக்கிறார். பையனுக்குப் படிக்க வராது. நானும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மடலைச் செல்பேசியில் படியெடுத்து, அழுக்கும் மடிப்பும் நீங்காதபடி எழுத்தை மட்டும் கருமையாக்கி, பிளாஸ்டிக் தாளில் அப்படியே அச்சிட்டோம். எதிர்மறையாக மாற்றவில்லை. மாற்றியிருந்தால் வெள்ளைத் தாளில் நீல எழுத்து வரும். பின்புலம் முழுதும் ஒளியை மறிப்பதால் அதன் மேல் வைக்கும் மூக்குக் கண்ணாடியின் நிழல் தெரியாமல் போகும். இப்படிச் செய்தால் நீலத்தில் வெள்ளை எழுத்தும் வெள்ளைச் சட்டமும் கிடைக்கும்.

பூசிய தாள், அதன் மேல் மடலின் அச்சு, அதன் மேல் கண்ணாடிப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே அவர் அணிந்திருந்த மூக்குக் கண்ணாடி. லுஹருக்குச் சற்று முன்பு மதரஸா மொட்டை மாடியில் வைத்தோம். சூரியன் ஏறக்குறைய உச்சியில் இருந்ததால் நிழல் அதிகம் சாயவில்லை. வில்லைகள் ஒளியைக் குவித்து, அவற்றின் கீழே இரண்டு சிறு பிறைகள் போலக் கூடுதலாக நீலமேறியது. அதை நாங்கள் திட்டமிடவில்லை. அவருடைய பார்வைக்கென்று பினாங்கில் எவரோ அளந்து தேய்த்த வில்லை, அந்த அளவுக்கு ஏற்ப வளைத்த ஒளி அது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்தினோம்.

நன்னியிடம் கொண்டு சென்றபோது நானும் உடன் சென்றிருந்தேன். அவர் முதலில் மூக்குக் கண்ணாடியின் வெள்ளைத் தடத்தை விரலால் தடவினார். இடப்பக்கக் காது வளைவில் ஒரு முறிவும் அதில் சுற்றிய கம்பியும் அச்சில் தெளிவாக விழுந்திருந்தன. "இத நாந்தான் சுத்திக் குடுத்தேன்" என்றார். பிறகு தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படிக்கத் தொடங்கினார். அரிசி விலை பற்றி, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்பது பற்றி, கொல்லையிலிருந்த எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி. மனப்பாடமாகத் தெரிந்த கடிதம்தான். ஆயினும் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பையன் அவர் அருகில் அமர்ந்து, எந்த எழுத்து எது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வெயில் படும் சுவரில் இதை மாட்டக் கூடாது, நீலம் வெளுத்துப் போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளுத்தாலும் சில நாள் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் மீண்டு வரும். மடித்து முஸ்ஹஃபு வைக்கும் அலமாரியில் வைத்துக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன். செல்பேசியில் இருந்த படத்தைப் பையன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. இப்போது வெள்ளிதோறும் அஸருக்குப் பின் அரபுத் தமிழ் எழுத்துப் படிக்க அவனும் இன்னும் நான்கு பேரும் வருகிறார்கள். மீதமிருக்கும் மடல்கள் பத்து.